பூனையின் பின்னங்கால்கள் திடீரென முடங்கியபோது: வெப்பப்படக் கேமரா கைகொடுத்த ஒரு நிகழ்வு

இந்த நிகழ்வின் நோயாளி ஏழு வயது நாட்டுப்பூனை. ஆண், கருத்தடை செய்யப்பட்டவன், எடை 4.6 கிலோ. மூக்கு நுனி முதல் வால் நுனி வரை கருப்பு. பாத மெத்தைகளும் கருப்பு, நகங்களும் அடர்ந்த நிறம். வீட்டில் வைத்த பெயர் கருப்பட்டி. பாத மெத்தையின் நிறத்தை எடுத்த எடுப்பிலேயே சொல்லக் காரணம், நோயைக் கண்டுபிடிக்கும்போது அதுவே எங்களுக்குப் பெரிய இடைஞ்சலாக நின்றது.

வீடு பெங்களூரு அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு குறுக்குத் தெருவின் இரண்டாவது மாடி. வேலூர்ப் பக்கமிருந்து வந்து இரண்டு தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பம். மார்கழி விடியற்காலையில் கோலம் போட எழுந்த பாட்டிக்கு மாடிப்படியில் பூனை அலறும் சத்தம் கேட்டிருக்கிறது. போய்ப் பார்த்தால் கருப்பட்டி முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு வருகிறான், பின்னங்கால் இரண்டும் தரையில் தேய்கின்றன. முந்தைய இரவு பால்கனிக் கதவு திறந்தே கிடந்தது. கைப்பிடிச் சுவரில் ஏறி, கீழே விழுந்து, எப்படியோ படியேறி வந்திருக்கிறான் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். கதவைத் திறந்து வைத்தவள் கல்லூரியில் படிக்கும் பேத்தி. அழுதுகொண்டே ஃபோன் செய்தவளும் அவள்தான்.

ஃபோனில் அவள் இரண்டு கேள்விகள் கேட்டாள். "காலெல்லாம் ஜில்லுன்னு இருக்கு டாக்டர், வெந்நீர்ப் பை வைக்கட்டுமா? வலிக்கு பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?" இரண்டும் வேண்டாம் என்றேன். பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அதை முறித்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு, கால் மாத்திரைகூட உயிரைப் பறிக்கலாம். வெந்நீர்ப் பையின் ஆபத்து வேறு. உணர்விழந்த காலில் சூடு வைத்தால் தோல் வெந்துபோகும் வரை பூனை காலை விலக்காது. ஒரு கம்பளிச் சால்வையில் சுற்றி, முதுகை வளைக்காமல், தட்டையான கூடையில் வைத்து உடனே கொண்டுவரச் சொன்னேன். "ஜில்லுன்னு இருக்கு" என்று அவள் சொன்னது மட்டும் மனதில் நின்றுவிட்டது.

நரம்பா, இரத்தமா?

பூனைக்குப் பின்னங்கால் இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டால் முதலில் யோசிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது அடி: முதுகெலும்பு முறிவு, தண்டுவடக் காயம், இடுப்பெலும்பு முறிவு. அடுக்குமாடிகள் நிறைந்த ஊரில் மாடியிலிருந்து விழுந்த பூனைகள் எங்களுக்குப் புதிதல்ல. இரண்டாவது, இரத்த ஓட்டம் அடைபடுவது. இதயத்தின் இடது மேலறையில் உறைந்த கட்டி ஒன்று பிய்ந்து, பெருந்தமனி வழியே இறங்கி, அது பின்னங்கால்களுக்குப் பிரிகிற கவட்டையில் போய் மாட்டிக்கொள்ளும். அந்த நொடியிலிருந்து கால்களுக்கு இரத்தம் போகாது. கட்டியிலிருந்து கசியும் செரட்டோனின் போன்ற பொருள்கள் சுற்றியுள்ள சிறு குழாய்களையும் சுருக்கிவிடுவதால் மாற்றுப் பாதையும் அடைபடும். பூனைக்கு வரும் வலிகளில் மிகக் கொடியவற்றில் இது ஒன்று.

இந்த இரண்டையும் பிரித்தறியாமல் வைத்தியத்தில் இறங்க முடியாது. விழுந்து அடிபட்ட பூனை என்றால் அதிர்ச்சியைச் சமாளிக்க நரம்பு வழியே திரவம் ஏற்றுவோம். இதய நோயுள்ள பூனைக்கு அதே திரவத்தை அதே வேகத்தில் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு நின்றுபோகும். மறுபுறம், தண்டுவடத்தில் இரத்தக் கசிவு இருக்கக்கூடிய பூனைக்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட முடியாது.

தமனி அடைப்புக்குப் புத்தகங்கள் ஐந்து அறிகுறிகள் சொல்கின்றன: வலி, முடக்கம், நாடியின்மை, வெளிறல், குளிர்ச்சி. கருப்பட்டியிடம் முதல் இரண்டும் இருந்தன, ஆனால் அவை விழுந்த பூனையிடமும் இருக்கும். தொடையின் உட்புறத்தில் நாடி பார்க்கக் கை வைத்தாலே கடிக்க வந்தான். பயந்து துடிக்கிற பூனையிடம் அந்த நாடி சரியான கால்களிலேயே விரலுக்கு லேசில் அகப்படாது. வெளிறல் பார்க்கலாம் என்றால் மெத்தை முழுக்கக் கருப்பு. இளஞ்சிவப்பு மெத்தை உள்ள பூனையாக இருந்தால் முன்னங்கால் ரோஜா நிறமாகவும் பின்னங்கால் சாம்பல் நீலமாகவும் இருப்பதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். கடைசியாகக் குளிர்ச்சி. பெங்களூரில் மார்கழி விடியல் பதினைந்து டிகிரியை ஒட்டி இருக்கும். ஆட்டோவில் வந்த பூனையின் நான்கு கால்களுமே குளிர்ந்திருந்தன, தொட்டுப் பார்க்கும் என் கையும் குளிர்ந்திருந்தது. எது எவ்வளவு குளிர்ச்சி என்று விரல் நுனியை நம்பிச் சொல்ல முடியாத நிலை.

வெப்பப்படம் எடுத்த விதம்

எங்களிடம் இருப்பது ஃபோனில் பொருத்தும் சிறிய வெப்பப்படக் கேமரா. பூனையின் தோலிலிருந்து இயல்பாக வெளிவரும் அகச்சிவப்புக் கதிரை மட்டும் அது வாங்கிக்கொள்கிறது, உடம்புக்குள் எதையும் அனுப்புவதில்லை. எக்ஸ்ரே போல உள்ளே பார்க்காது. தோலின் மேற்பரப்பு எவ்வளவு சூடு என்பது ஒன்றைத்தான் சொல்லும், உரோமம் மூடியிருந்தால் அதையும் சரியாகச் சொல்லாது. ஆனால் பாத மெத்தையில் உரோமம் கிடையாது. மழிக்க வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், தொடக்கூட வேண்டாம். தொட்டால் கடிக்கிற, வலியில் துடிக்கிற பூனைக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

பரிசோதனை மேசை ஸ்டீல். பளபளக்கும் உலோகம் அகச்சிவப்புக்குக் கண்ணாடி மாதிரி. மேலே குனிந்து படம் எடுத்தால் என் முகத்தின் வெப்பமும் கையின் வெப்பமும் மேசையில் பட்டுத் திரும்பி, பூனையின் காலுக்குப் பக்கத்திலேயே ஓர் ஒளிப் புகையாகத் தெரியும். அதனால் முதலில் ஒரு கெட்டியான அட்டையை விரித்தோம். மின்விசிறியை நிறுத்தி ஜன்னலைச் சாத்தினோம். கால்களை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது என்று உதவியாளரிடம் முன்பே சொல்லிவிட்டேன், ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலைக் குளிர்வித்துவிடும். கேமராவில் தோலுக்கான உமிழ்திறனை, அதாவது ஒரு பரப்பு தன் வெப்பத்தை எவ்வளவு நன்றாகக் கதிராக வெளியிடுகிறது என்ற அளவை, 0.98 என்று வைத்தோம்.

அப்புறம் நிற அளவுகோல். இதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தக் கேமராக்கள் தாமாகவே நிறத்தை மாற்றிக்கொள்ளும். படத்தில் இருக்கும் மிகச் சூடான இடத்துக்கு வெள்ளை, மிகக் குளிர்ந்த இடத்துக்குக் கருநீலம் என்று ஒதுக்கிவிடும். இரண்டுக்கும் ஒரு டிகிரிதான் வித்தியாசம் என்றாலும் படம் பயமுறுத்தும். அளவுகோலை 22 முதல் 36 டிகிரி செல்சியஸ் வரை என்று பூட்டிவிட்டே படம் எடுத்தோம், அடுத்தடுத்த நாள் படங்களுக்கும் அதே அளவுகோல். அப்படிச் செய்யாவிட்டால் நேற்றைய சிவப்பையும் இன்றைய சிவப்பையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

வந்தவுடன் வலிக்குப் பியூப்ரினார்ஃபின் ஊசி போட்டோம். படத்துக்காக வலி மருந்தைத் தள்ளிப்போடுவதை நான் ஏற்கமாட்டேன். சால்வையைப் பிரித்ததும் ஒரு படம். அறையின் வெப்பம் 23 டிகிரி. முன் மெத்தைகள் 30 டிகிரியை ஒட்டி இருந்தன. பின் மெத்தைகளில் வலது 24.6, இடது 25.9. சால்வையின் கதகதப்பு கணக்கைக் கெடுத்திருக்கலாம் என்று பத்து நிமிடம் விட்டு, அதே கோணத்தில், அரை மீட்டர் தூரத்திலிருந்து இன்னொரு படம் எடுத்தோம்.

இரண்டாவது படம்தான் விடையைச் சொன்னது. கதகதப்பான அறைக்கு வந்ததில் முன்னங்கால்கள் சூடேறிவிட்டன: இடது 31.9, வலது 31.6. பின்னங்கால்கள் சூடேறவில்லை, மாறாக இன்னும் குளிர்ந்திருந்தன: இடது 25.7, வலது 24.1. அதாவது அறையின் வெப்பத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. இரத்தம் பாயும் கால் வெளிக் குளிரிலிருந்து மீளும், பாயாத கால் மேசை, நாற்காலி போல அறையின் வெப்பத்துக்கே போய்ச் சேரும். திரையில் முன் பாதங்களின் விரல் மெத்தைகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பொட்டாக மஞ்சளில் ஒளிர்ந்தன. பின் பாதங்களோ எங்கே முடிகின்றன, அட்டை எங்கே தொடங்குகிறது என்றே பிரித்துச் சொல்ல முடியாத நீலம்.

ஒரே பக்கத்து முன்னங்காலோடு ஒப்பிட்டால் இடதில் 6.2 டிகிரி வேறுபாடு, வலதில் 7.5. இந்த ஒப்பீட்டு முறைக்கு ஆதாரம் இருக்கிறது. பிரான்சைச் சேர்ந்த கால்நடை மருத்துவர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, தமனி அடைப்பால் கால் விழுந்த பூனைகளையும் வேறு காரணங்களால் கால் விழுந்த பூனைகளையும் வெப்பப்படத்தில் ஒப்பிட்டது. ஒரே பக்கத்தில் பாதித்த காலுக்கும் பாதிக்காத காலுக்கும் குறைந்தது 2.4 டிகிரி வேறுபாடு என்று எல்லை வகுத்தால், அடைப்பு இல்லாத பூனை எதுவும் தவறாக உள்ளே வரவில்லை. அடைப்பு உள்ளவற்றில் 80 சதவீதம் பிடிபட்டன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நேரத்தோடு போராடும்போது நம்பிக் கையில் எடுக்கக்கூடிய எல்லை அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வகைக் கேமராக்கள் பெரும்பாலும் இரண்டு டிகிரி கூடவோ குறையவோ காட்டக்கூடும் என்று தயாரிப்பாளர்களே அறிவிக்கிறார்கள். அப்படியிருக்க 2.4 டிகிரி எல்லையை எப்படி நம்புவது? ஒரே படத்துக்குள் இருக்கும் இரண்டு இடங்களைத்தான் ஒப்பிடுகிறோம் என்பதே பதில். கேமரா ஒரு டிகிரி கூட்டிக் காட்டினால் முன்னங்காலிலும் பின்னங்காலிலும் சேர்ந்தே கூட்டும், கழித்தால் பிழை கழிந்துபோகும். அடுத்தடுத்த இடங்களுக்கு இடையே உள்ள சிறு வேறுபாட்டைக் காண்பதில் இவை கெட்டி, பத்தில் ஒரு டிகிரியையும் பிரித்துக் காட்டும். ஆகவே 24.1 என்ற எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 7.5 என்ற வித்தியாசத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். கருப்பட்டியின் சொந்த முன்னங்கால்களே அவனுக்கான அளவுகோல்.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கும் அந்த வீட்டு மகனுக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. "எங்க ஃபேக்டரியில பேனல் போர்டு சூடாகுதான்னு பார்க்க இதே மாதிரி ஒண்ணு வச்சிருக்கோம் மேடம். அங்க சூடு இருந்தா பிரச்சினை, இங்க சூடு இல்லைன்னா பிரச்சினை, அப்படித்தானே?" அப்படித்தான் என்றேன்.

பாட்டி கேட்டது வேறு. "ஏன் டாக்டரம்மா, அப்போ இவன் விழவே இல்லையா?" எக்ஸ்ரே எடுக்காமல் அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். ஆனால் இந்தக் குளிர்ச்சிக்கு விழுந்தது காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றும் சொன்னேன். தண்டுவடத்தில் அடிபட்டால் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கும் நரம்புக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும், அந்தக் கால்கள் சூடாகவே இருக்கக்கூடும். பேத்தி சுவரோரம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உறுதிப்படுத்திய சோதனைகள்

வெப்பப்படத்தை மட்டும் வைத்து ஹெப்பாரின் போடவில்லை. வலி சற்று அடங்கியதும் முன்னங்காலிலிருந்தும் வலது பின் பாதத்திலிருந்தும் ஒவ்வொரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தோம். முன்னே 168, பின்னே 74 மில்லிகிராம். இரத்தம் தேங்கிய திசு இருக்கிற சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும், புதிதாக வருவதும் இல்லை. பூனையில் இந்த வித்தியாசம் 30-க்கு மேல் போனாலே அடைப்பைச் சந்தேகிக்கலாம். இரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியில் முன்னங்கால் நாடி தெளிவாகக் கேட்டது, பின்னங்கால்களில் சத்தமே இல்லை. கெண்டைச் சதை இறுகிக் கல்லாகியிருந்தது. எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை, நுரையீரலிலும் நீர் இல்லை.

இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 220, ஸ்டெதாஸ்கோப்பில் குதிரை ஓடுவது போன்ற மூன்று தாளச் சத்தம். இதயத்தை ஒலியலையால் படம் பிடிக்கும் எக்கோவில் இடது கீழறையின் சுவர் 7.2 மில்லிமீட்டர். பூனைக்கு 6 மில்லிமீட்டரைத் தொட்டாலே தடிமன் என்று கொள்கிறோம். இடது மேலறை பெருந்தமனியைப் போல 1.9 மடங்கு விரிந்திருந்தது, உள்ளே இரத்தம் தேங்கிப் புகை சுழல்வது போலத் தெரிந்தது. தைராய்டும் இரத்த அழுத்தமும் சரியாக இருந்தன. முடிவு: ஹைப்பர்டிராஃபிக் கார்டியோமயோபதி, அதாவது இதயத் தசை தடித்துப்போகும் நோய், அதன் விளைவாகப் பெருந்தமனிக் கவட்டையில் இரத்தக்கட்டி. மெய்ன் கூன், ராக்டால் போன்ற இனங்களில் இந்த இதய நோய்க்கான மரபணு மாற்றங்கள் அறியப்பட்டவை. அதனால் இது வெளிநாட்டு இனப் பூனைகளுக்கு மட்டும் வருவது என்று நினைப்பவர்கள் உண்டு. நாட்டுப்பூனைக்கும் தாராளமாக வரும். அதுவரை சாப்பிட்டு விளையாடி நன்றாக இருந்த பூனைக்குக் கால் விழுவதே முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினோம். இந்த நோயில் பல பூனைகள் முதல் நாளைத் தாண்டுவதில்லை, வைத்தியம் பார்த்தாலும் வீடு திரும்புபவை பாதிக்கும் குறைவே. வலியோடு இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று கருணைக்கொலையைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் உண்டு. அதை நான் ஒருபோதும் குறையாக நினைத்ததில்லை. ஆசனவாய் வெப்பமும் இங்கே ஒரு துப்பு தரும். 127 பூனைகளை ஆராய்ந்த 2003-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், அது 98.9 டிகிரி ஃபாரன்ஹீட்டாக இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி, கீழே இறங்க இறங்க வாய்ப்பும் இறங்குகிறது. கருப்பட்டிக்கு 99.4. இடது கால் வலதை விடச் சற்றுச் சூடாக இருந்ததையும் சொன்னேன். இரண்டு நாள் பார்ப்போம், வலி அடங்காவிட்டால் அவனை விட்டுவிடுவோம் என்று பாட்டிதான் முடிவு சொன்னார்.

வைத்தியமும் அடுத்தடுத்த படங்களும்

ஹெப்பாரின், இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல், மணிக்கணக்குத் தவறாமல் வலி மருந்து, ஆக்ஸிஜன், அமைதியான கூண்டு. கால்களுக்கு நேரடிச் சூடு இல்லை. ஏற்கெனவே இருக்கும் கட்டியை இந்த மருந்துகள் கரைக்காது. அது வளராமலும் புதிதாக ஒன்று உருவாகாமலும் தடுத்து, உடம்பு தானாகக் கட்டியைக் கரைக்க அவகாசம் வாங்கித் தருகின்றன.

வெப்பப்படம் இரண்டாவது முறை கைகொடுத்தது மூன்றாம் நாள் காலையில். இடது பின் மெத்தை 29 டிகிரிக்கு ஏறியிருந்தது. கால் இன்னும் அசையவில்லை, கிள்ளினால் உணர்வும் இல்லை. வெறும் கண்ணுக்கு எந்த மாற்றமும் கிடையாது. ஆனால் இரத்தம் திரும்பிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு அது மிகக் கவனமாக இருக்க வேண்டிய வேளை. மூச்சுத் திணறிக் கிடந்த தசைகளில் சேர்ந்த பொட்டாசியமும் அமிலமும் இரத்தம் திரும்பும்போது மொத்தமாக இதயத்துக்கு வந்து சேரும். தேறிவிட்டது என்று நினைத்த பூனை திடீரென்று இறந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். உடனே இரத்தம் எடுத்துப் பார்த்ததில் பொட்டாசியம் 6.4, இசிஜியிலும் மாற்றம் தொடங்கியிருந்தது. கால்சியம் குளூக்கோனேட்டும் இன்சுலின், குளுக்கோஸும் கொடுத்துச் சமாளித்தோம். மாலைக்குள் இறங்கியது. வழக்கமான நேரத்துக்கு எடுக்கும் இரத்தச் சோதனையிலும் இது தெரிந்திருக்கும், ஆனால் சில மணி நேரம் கழித்து.

ஒரு வாரத்தில் இடது கால் தரையில் ஊன்றியது. வலது கால் மெதுவாகத்தான் வந்தது. கணுக்கால் மடங்கிக் குதிகாலால் நடந்தான், வெளி விரல் ஒன்றில் தோல் கருகிப் புண்ணாகி ஆறியது. அந்த விரல் மட்டும் படங்களில் நீலமாகவே இருந்ததால் தோல் கருகுவதற்கு முன்பே அங்கே கண் வைத்திருந்தோம்.

இனி வாழ்நாள் முழுக்கக் குளோபிடோக்ரெல் 18.75 மில்லிகிராம், தினம் ஒரு முறை. மனிதர்களுக்கான 75 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு. மீண்டும் கட்டி வராமல் தடுப்பதில் ஆஸ்பிரினைவிட இது மேல் என்று 2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது: மறுபடி அடைப்பு வரும் வரையான இடைநிலைக் காலம் ஆஸ்பிரினில் 192 நாள், குளோபிடோக்ரெலில் 443 நாள். சிரமம் ஒன்றுதான், மருந்து கடும் கசப்பு. நாக்கில் பட்டால் பூனை நுரை தள்ளி, அடுத்த நாள் ஆளைக் கண்டாலே ஒளிந்துகொள்ளும். பாட்டி கால் மாத்திரையைக் காலி கேப்ஸ்யூலில் அடைத்து, உப்பில்லாமல் வேகவைத்த நெத்திலிக்குள் செருகி, முதலில் வெறும் நெத்திலி, இரண்டாவது மருந்து நெத்திலி, மூன்றாவது மறுபடி வெறும் நெத்திலி என்று வரிசையாக ஊட்டுகிறார். இதுவரை ஒரு வேளையும் தவறவில்லை.

இந்தக் கேமராவை எதற்குப் பயன்படுத்தக் கூடாது

இந்த நிகழ்வைக் கேள்விப்பட்டவர்கள், தங்கள் நாய்க்கும் பூனைக்கும் முழு உடம்பு வெப்பப்படம் எடுத்துப் புற்றுநோய் இருக்கிறதா என்று சொல்லும்படி கேட்கிறார்கள். மறுத்துவிடுகிறேன். அடர்ந்த உரோமத்தின் மேல் எடுத்த படம் உரோமத்தின் வெப்பத்தைச் சொல்லும். வயிற்றுக்குள் இருக்கும் கட்டியை இது காணாது. வெயிலில் படுத்த பக்கம் சிவக்கும், ஈரம் நக்கிய இடம் நீலமாகும். மனிதர்களிலேயே மார்பகப் புற்றுநோய்ச் சோதனைக்கு மேமோகிராமுக்குப் பதிலாக வெப்பப்படத்தை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. கண்டுபிடிக்க வேண்டியது என்னவென்ற கேள்வியே இல்லாமல் எடுக்கும் வெப்பப்படம் வீட்டாரின் பணத்தையும் நிம்மதியையும் வீணாக்கும் என்பது என் உறுதியான கருத்து. கருப்பட்டியின் விஷயத்தில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கால்களுக்கு இரத்தம் போகிறதா?

எதிர்ப்பக்கத்தையும் மறக்கக் கூடாது. 80 சதவீதம் என்றால் ஐந்தில் ஒரு அடைப்பு அந்த 2.4 எல்லைக்குள் அடங்கித் தப்பிவிடுகிறது. பகுதி அடைப்பு, அல்லது இரத்தம் திரும்பத் தொடங்கிவிட்ட கால் என்றால் வேறுபாடு குறைவாகவே இருக்கும். முன்னங்காலிலும் அடைப்பு வரலாம், அப்போது ஒப்பிட வைத்திருக்கும் காலே கெட்டிருக்கும். படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக அடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. நாடி, டாப்ளர், சர்க்கரை, எக்கோ எல்லாம் பார்த்தாக வேண்டும்.

அந்த வீட்டில் கருப்பட்டியோடு ஒரே ஈற்றில் பிறந்த பெண் பூனையும் இருக்கிறது, பெயர் வெல்லம். இந்த இதய நோய் குடும்ப வழியில் வரக்கூடும் என்பதால் அவளையும் எக்கோவுக்குக் கொண்டுவரச் சொன்னோம். பேத்திதான் தூக்கிக்கொண்டு வந்தாள். கீழறைச் சுவர் 4.2 மில்லிமீட்டர், மேலறை விரியவில்லை, மருந்து எதுவும் தேவையில்லை. அடுத்த வருடம் மறுபடி எக்கோ பார்க்கும்படி அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.